குறைமாதப் பிள்ளையின் எலும்பு: அனுபவப்பட்ட அம்மாக்கள் சொல்லுங்களேன்

வணக்கம், பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். மகள் 27 வாரத்திலேயே பிறந்துவிட்டாள், 920 கிராம். ஐந்து வாரம் பையிலிருந்து நரம்பு வழியாகத்தான் சத்து ஏறியது. இப்போது குழாயில் தாய்ப்பால்.

நேற்று ரத்தத்தில் பாஸ்பேட் குறைவு, ஆல்கலைன் பாஸ்படேஸ் (எலும்போடு தொடர்புள்ள ஒரு நொதி) அதிகம். எலும்பு பலவீனமாக இருக்கலாம் என்றார் டாக்டர். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில்தான் கால்சியம் பெரும்பாலும் சேருமாம். சரி, நரம்பில் ஏற்றிய அந்தச் சத்துப் பையிலேயே கூட்டிப் போட்டிருக்கலாமே என்றேன். கால்சியமும் பாஸ்பேட்டும் அளவு மீறினால் பைக்குள்ளேயே படிந்துவிடுமாம்.

டயப்பர் மாற்றும்போது காலைப் பிடித்துத் தூக்காதீர்கள், இடுப்புக்கடியில் கை கொடுங்கள் என்கிறார் மிஸ்ஸி (நர்ஸ்). மாமியாரோ எண்ணெய் போட்டு நீவக் காத்திருக்கிறார்! அவரை எப்படித் தடுப்பது?

தாய்ப்பாலில் கலக்கும் சத்துத்தூள் வீட்டுக்கு வந்த பிறகும் உங்களுக்குத் தேவைப்பட்டதா? பினாங்கில் எங்கே வாங்கினீர்கள்? அடுத்த வாரம் டாக்டரிடம் வேறென்ன கேட்கலாம்?