ரெக்டிஃபைடு போட்டோ, ஆர்த்தோபோட்டோ: இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்

வணக்கம்.

பழங்கட்டடப் பதிவுக்கான நம் சொற்பட்டியலில் ‘திருத்திய படம்’ என்று ஒரு வரி இருக்கிறது. ரெக்டிஃபைடு போட்டோ (கோணலை எடுத்த ஒற்றைப் படம்), ஆர்த்தோபோட்டோ (பல படங்களிலிருந்து கணித்த படம்) இரண்டுக்கும் எதிரே அதே சொல்தான். பட்டியல் அச்சுக்குப் போவதற்குள் இதை மாற்றிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதல் சிக்கல் ‘திருத்திய’ என்பதில். பதிவுப் படத்தில் திருத்தம் என்றால் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். இந்தப் படங்களோ ஒருநாள் சான்றாகப் போய் நிற்க வேண்டியவை. சிறீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராசர் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் இருந்தபோது, அது எந்த ஊர்ச் சிலை என்று காட்டியது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1994-இல் எடுத்து வைத்திருந்த படம். 2014-இல் சிலை நாட்டுக்குத் திரும்பியது. அப்படிப்பட்ட தொகுப்பில் ஒரு படத்தின் அடியில் ‘திருத்தியது’ என்று எழுதினால் எதிர்த்தரப்பு முதலில் பிடித்துக்கொள்வது அந்தச் சொல்லைத்தான்.

இரண்டாவது, அதைவிடப் பெரியது. இவை வேறு வேறு பொருள்கள். ஒன்றின் பெயரை மற்றதற்கு வைத்தால் கல் தப்பாக வெட்டப்படும்.

ரெக்டிஃபைடு போட்டோ என்பது ஒற்றைப் படம். கேமராவின் பின்முகம் சுவருக்கு இணையாக இருக்கும்படி எடுத்து, சுவரில் அளந்து குறித்த நான்கு புள்ளிகளையாவது வைத்து, எஞ்சிய கோணலைக் கணினியில் எடுப்பார்கள். நான்கில் எந்த மூன்றும் ஒரே கோட்டில் இருக்கக் கூடாது. நான்கும் ஒரே தளத்தில் இருந்தாக வேண்டும். அந்தத் தளத்தில் இருப்பது மட்டுமே அளவுக்குச் சரி. முன்னால் நீண்டது பெருக்கும், உள்ளே ஒடுங்கியது சிறுக்கும், இரண்டும் இடமும் பெயரும்.

நம் கோயில் சுவரில் இது எவ்வளவு என்று பார்ப்போம். கேமரா சுவர்முகத்திலிருந்து 6 மீட்டரில், தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. நான்கு புள்ளிகளும் அரைத்தூண்களுக்கு இடைப்பட்ட சுவரில். முப்பட்டைக் குமுதம் (அடித்தளத்தில் மூன்று பட்டையாகப் புடைத்து நிற்கும் கல்வரி) அந்த முகத்தைவிட 25 செ.மீ. வெளியே இருந்தால், குமுதத்தில் 1 மீட்டர் நீளம் படத்தில் 104 செ.மீ. என்று வரும். கேமரா மட்டத்துக்கு 2.5 மீட்டர் கீழே உள்ள அதன் விளிம்பு, தான் இருக்க வேண்டிய இடத்திலிருந்து 11 செ.மீ. கீழே இறங்கியிருக்கும். தெய்வச் சிலை வைக்கும் மாடமான தேவகோட்டம் 40 செ.மீ. ஆழமிருந்தால், அதன் பின்சுவரில் 1 மீட்டர் 94 செ.மீ. ஆகிவிடும். எவரும் போட்டுப் பார்க்கலாம்: நீட்டத்தைப் பட மையத்திலிருந்து உள்ள தொலைவால் பெருக்கி, கேமராவிலிருந்து அந்த நீட்டம் வரையுள்ள தூரத்தால் வகுத்தால் பிசகு கிடைக்கும்.

திருப்பணியில் உடைந்த குமுதக் கல்லுக்கு மாற்றுக்கல் செய்ய இந்தப் படத்தில் அளவெடுத்தால் கல் 4 விழுக்காடு பெரிதாக வந்து நிற்கும். பார்வைக்கோ படம் சீராக இருக்கும். தூண்கள் நேராக, வரிகள் இணையாக, ஓரத்தில் அளவுகோலோடு. சந்தேகம் வர வழியே இல்லை.

ஆர்த்தோபோட்டோ வேறு வகை. ஒன்றையொன்று தழுவும் பல படங்களிலிருந்து சுவரின் முப்பரிமாண வடிவத்தைக் கணித்து, ஒவ்வொரு புள்ளியையும் ஒரு தளத்தின் மேல் செங்குத்தாக இறக்கி வைப்பது. குமுதமும் கோட்டமும் கபோதமும் (சுவருக்கு மேலே வெளிநீண்ட கூரை விளிம்பு) ஒரே அளவில் வரும். கேமரா பார்க்காத இடம் மட்டும் ஓட்டையாகவோ இழுபட்டோ தெரியும்.

ஆகவே முதலாவதுக்கு ‘ஒருதளப் படம்’ என்றும், இரண்டாவதுக்கு ‘வீழற்படம்’ என்றும் முன்மொழிகிறேன். புரொஜெக்‌ஷன் என்பதற்கு மேனிலைக் கணக்குப் பாடநூலில் ‘வீழல்’ ஏற்கெனவே இருக்கிறது. ‘செங்குத்துப் படம்’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். வானிலிருந்து நேர்கீழாக எடுக்கும் படத்துக்கு அந்தச் சொல் போய்விட்டதால் குழப்பம் வரும்.

———

ஐயா, வணக்கம்.

> முதலாவதுக்கு ‘ஒருதளப் படம்’

பிரித்துத்தான் ஆக வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கோயில் பதிவில் இந்தச் சொல் நிற்காது. கோயில் விமானத்தின் மாடியைத் தளம் என்று எண்ணி ‘ஒருதள விமானம்’, ‘இருதள விமானம்’ என்று தினமும் எழுதுகிற துறை இது. ஸ்தபதியிடம் ‘ஒருதளப் படம்’ என்று கொடுத்தால் ஏகதளத்தின் படம் என்று எடுத்து அந்தக் கோப்பில் வைத்துவிடுவார். மூன்று தள விமானத்தின் இரண்டாம் தளத்துக்கு எடுத்த ஒருதளப் படம் என்று ஒரு பட விவரம் எழுதிப் பாருங்கள்.

சென்ற மாத இழையில் வந்த ‘மட்டப்படம்’ எனக்குப் பிடித்திருந்தது. ரசமட்டம், மூலைமட்டம், பூச்சு மட்டம் எல்லாம் கொத்தனார் வாயில் இருக்கும் சொற்கள். அதைத் தள்ளியதற்குச் சொன்ன காரணம், ‘மட்டமான படம்’ என்று ஒலிக்கிறது என்பது. அதுவும் நியாயம்தான்.

இன்னொன்று. உங்கள் மடலைப் படிப்பவர் ரெக்டிஃபைடு போட்டோவே தேவையில்லை என்று நினைத்துவிடக் கூடாது. தட்டையான சுவருக்கு அது போதும், விரைவானது, ஒரே படத்தில் முடிவதால் கணிப்புப் பிசகு குறைவு. செட்டிநாட்டு வீட்டின் சுண்ணாம்புப் பூச்சுச் சுவர், சமச்சுவரில் உள்ள ஓவியம், செங்கல் மதில், விரிசல் கண்காணிப்பு: இவற்றுக்கு நான் வேறெதையும் பரிந்துரைக்க மாட்டேன். 1858-இல் ஆங்கிலேயப் படப்பிடிப்பாளர் லின்னேயஸ் டிரைப் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டை எடுத்தது இந்த வழியின் முன்னோடி. கேமராவைச் சுவரோரமாக நகர்த்தி நகர்த்தி எடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே பட்டையாக்கினார். அதே 1858-இல்தான் ஜெர்மனியின் வெட்ஸ்லார் பேராலயத்தை அளக்கப் போன கட்டடக்கலைஞர் ஆல்பிரெக்ட் மைடன்பவர் மேலிருந்து விழப் பார்த்து, ஏறாமலே படத்திலிருந்து அளக்க முடியாதா என்று சிந்திக்கத் தொடங்கினார். 1885-இல் பெர்லினில் அதற்கென்றே அரசு நிறுவனம் வந்தது.

களத்தில் செய்யும் முறையைச் சொல்லிவிடுகிறேன். சொல்லின் வரையறை எழுதுபவருக்கு உதவும்.

ஒற்றைப் படத்துக்கு: முக்காலியில் கேமரா, ரசமட்டம் பார்த்து நிமிர்த்தியது. கேமராவைச் சுவரின் பாதி உயரத்துக்கு ஏற்ற முடியாவிட்டால் ஷிஃப்ட் லென்ஸ் போட்டு லென்ஸை மட்டும் உயர்த்த வேண்டும். கேமராவை அண்ணாந்து சாய்த்துவிட்டுக் கணினியில் நிமிர்த்தினால் மேல்பகுதியின் நுணுக்கம் போய்விடும். 24 மெகாபிக்சல் முழுச்சட்டக் கேமராவில் 35 மி.மீ. லென்ஸோடு 6 மீட்டரில் நின்றால் ஒரு பிக்சல் சுவரில் சுமார் 1 மி.மீ. ஒரு படத்தில் 6 மீட்டருக்கு 4 மீட்டர் அடங்கும். 1:20 வரைபடத்தில் 0.1 மி.மீ. கோடு சுவரில் 2 மி.மீ. என்பதால் இது தாராளம். கல்வெட்டு வாசிக்க வேண்டுமானால் போதாது. கீறலின் அகலம் சில மி.மீ.தான், அதன் குறுக்கே நான்கைந்து பிக்சலாவது விழ வேண்டும்.

பல படத்துக்கு: பக்கவாட்டில் 80 விழுக்காடு தழுவல், மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் இடையே 60. அத்தோடு ஒவ்வொரு கோட்டத்துக்குள்ளும் இடம், வலம், மேல், கீழ் என்று 30 முதல் 45 பாகை சாய்வில் தனியாக எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐயா சொன்ன ஓட்டை கபோதத்தின் அடியிலும் தேவகோட்டத்தின் பக்கச்சுவரிலும் விழும். எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100 அல்லது 200, ஃபோகஸை ஒருமுறை வைத்து ஒட்டுநாடாவால் பூட்டிவிடுங்கள். அதிர்வுத் தடுப்பை அணைத்துவிடுங்கள், அது லென்ஸின் உள்வடிவத்தைப் படத்துக்குப் படம் மாற்றும். ஜூம் வேண்டாம். ரா கோப்பு (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) கட்டாயம், ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் 24 கட்ட வண்ண அட்டை ஒரு படம்.

கெட்டுப்போகும் இடங்கள் தெரிந்தவைதான். வெள்ளையடித்த வெறுஞ்சுவரில் மென்பொருளுக்குப் பிடிப்புப் புள்ளி கிடைக்காது. ஒரே வார்ப்பில் தூண்கள் அடுக்கிய மண்டபத்தில் ஏழாம் தூணை எட்டாம் தூண் என்று ஒட்டிவைக்கும். அங்கே தூணுக்குத் தூண் எண்ணிட்ட குறியட்டையைத் தரையில் வைக்க வேண்டும். தரையில்தான், தூணில் இல்லை. ஓவியத்திலோ சுண்ணப்பூச்சிலோ ஒட்டுநாடா பட்டால் பூச்சு அதோடு வந்துவிடும். கருங்கல்லில்கூட ஒட்டத் தேவையில்லை. கல் இணைப்பின் மூலை, ஒரு எழுத்தின் முனை போன்றவற்றையே டோட்டல் ஸ்டேஷனில் (கோணமும் தூரமும் அளக்கும் கருவி) அளந்து, கையால் வரைந்த சுவர்ப்படத்தில் குறித்துக்கொண்டால் போதும். அவற்றில் நாலைந்தைக் கணிப்பில் சேர்க்காமல் ஒதுக்கி வையுங்கள். வேலை முடிந்தபின் பிசகு எவ்வளவு என்று சொல்லப்போவது அவைதான்.

சில கோயில்களில் நிலம் அளந்த கோலின் நீளம் சுவரிலேயே வெட்டியிருக்கும். அதைத் தனியாக, இன்றைய அளவுகோலைக் கீழே தாங்கிப் பிடித்து எடுங்கள். திருப்பணியில் சாந்து பூசி மறைந்துபோகும் முதல் பொருள்களில் அது ஒன்று.

———

அனைவருக்கும் வணக்கம். இலங்கையிலிருந்து ஒரு குறிப்பு.

எங்கள் பாடநூல்களில் புரொஜெக்‌ஷன் என்றால் ‘எறியம்’. ‘வீழல்’ என்பது இங்கே படித்தவருக்கு விழுதல் என்றே படும். சொல்லை மாற்றச் சொல்லவில்லை. பட்டியலில் ‘எறியப்படம்’ என்பதை இணைச்சொல்லாகப் பக்கத்தில் போடுங்கள், தேடுபவருக்குக் கிடைக்கும்.

அதே பக்கத்தில் ரேக்கிங் லைட்டுக்குப் ‘பக்கவொளி’ என்று இருக்கிறது. ஆள்முகப் படத்தில் பக்கத்திலிருந்து வரும் எந்த ஒளியும் பக்கவொளிதான். கல்வெட்டுக்குத் தேவைப்படுவது சுவரை உரசினாற்போல் 10, 15 பாகையில் வரும் ஒளி. ‘வருடொளி’ என்று வைக்கலாமா?

———

வணக்கம்.

அம்மா சுட்டிய ‘ஒருதள’ மோதல் மறுக்க முடியாதது. அந்தச் சொல்லை விலக்கிக்கொள்கிறேன். அவர் மடலிலேயே விடை இருக்கிறது: ‘ஒருமட்டப் படம்’. முன்னால் ‘ஒரு’ வந்ததும் மட்டம் என்பதற்கு இழிவுப் பொருள் ஒலிக்கவில்லை, மாடிக் கணக்கோடும் மோதவில்லை. எந்த மட்டம் என்ற கேள்வியைச் சொல்லே எழுப்புகிறது, அது நமக்குத் தேவை. பட விவரத்தில் ‘ஒருமட்டப் படம், மட்டம்: சுவர்முகம்’ அல்லது ‘மட்டம்: குமுதத்தின் நடுப்பட்டை’ என்று எழுதாமல் விட முடியாது. எழுதாத படத்தில் எவரும் அளவெடுக்கக் கூடாது என்பதை வரையறையிலேயே சேர்ப்போம்.

‘எறியப்படம்’ இணைச்சொல்லாக இருக்கட்டும்.

‘வருடொளி’ எனக்கு முழுச் சம்மதம். வினைத்தொகையாக நன்றாக அமைந்திருக்கிறது, பொருளும் துல்லியம். வரையறையில் இரண்டு செய்தி சேர வேண்டும். ஒளி வரும் திசைக்கு இணையான கீறல் மறைந்துபோகும். இடப்பக்கத்திலிருந்து வருடினால் ‘ப’வின் இரு செங்கோடுகளும் தெரியும், அடிக்கோடு காணாது. எனவே ஒரே இடத்தை இடம், வலம், மேல், கீழ் என்று நான்கு திசையிலிருந்தாவது எடுக்க வேண்டும், கேமரா அசையாமல். அடுத்தது விளக்கின் தூரம். 1 மீட்டர் அகலக் கல்லுக்கு ஃபிளாஷை 1 மீட்டரில் வைத்தால் அருகு ஓரத்தில் எதிர் ஓரத்தைப்போல 4 மடங்கு வெளிச்சம் விழும். 3 மீட்டருக்குத் தள்ளினால் 1.8 மடங்காகக் குறையும்.

தஞ்சை வட்டாரத்தில் வெயிலே இதைச் செய்துகொடுக்கும் காலம் ஒன்றுண்டு. சித்திரை முதல் ஆடி வரை உச்சிச்சூரியன் வடக்கே சாய்ந்திருப்பதால் வடசுவரிலும் வெயில் படும். ஆனியில் உச்சிவேளையில் சுவரோடு 12, 13 பாகைதான். ஆனால் அரை மீட்டர் நீண்ட கபோதம் அப்போது 2 மீட்டருக்கு மேல் நிழலைக் கீழே இறக்கும். சுவரின் மேற்பாதிக் கல்வெட்டுக்கு ஃபிளாஷ்தான் வழி. வெளியே நீண்ட ஜகதியிலும் (குமுதத்துக்குக் கீழே உள்ள அடிக்கல் வரி) குமுதத்திலும் உள்ளவற்றுக்கு அந்த வெயில் போதும், அதுவும் உச்சிக்கு முன்னும் பின்னும் சிறிது நேரமே. வீழற்படத்துக்கான படங்களை மட்டும் அந்த வேளையில் எடுக்கக் கூடாது. நகரும் நிழலை மென்பொருள் கல்லின் நிறமாகவே ஒட்டிவைக்கும். அவற்றுக்கு மேகமூட்டம் பார்த்துக் காத்திருக்க வேண்டும்.

மூன்று சொல்லும் வரையறையோடு பட்டியலில் ஏற்றிவிட்டேன். கண்ட்ரோல் பாயிண்ட் (சுவரில் அளந்து குறித்த புள்ளி) இன்னும் ‘கட்டுப்பாட்டுப் புள்ளி’ என்றே இருக்கிறது. ‘நிலைப்புள்ளி’ என்று மாற்றவும், கணிப்பில் சேர்க்காமல் ஒதுக்கியவற்றைச் ‘சரிபார்ப்புப் புள்ளி’ என்று தனி வரியாகப் போடவும் எண்ணுகிறேன். மறுப்பு இருப்பவர்கள் எழுதுங்கள்.