மூடியைச் சாத்தியும் செல்லோ கேட்கவில்லை

பியானோ வாசிப்பவர்:
வயலினைவிடப் பெரிய, தாழ்ந்த குரல் கொண்ட வில் வாத்தியமான செல்லோவுடன் நான் முதன்முதலாக மேடையேறியது, இசையமைப்பாளர் பிராம்ஸ் அந்த இரண்டு வாத்தியங்களுக்கும் எழுதிய முதல் சோனாட்டாவுக்காக; சோனாட்டா என்பது பல பகுதிகள் கொண்ட வாத்திய இசைப் படைப்பு. முதல் நாள் ஒத்திகையிலேயே செல்லோ வாசித்த நண்பர், "என் வாத்தியம் எனக்கே கேட்கவில்லை" என்றார். பியானோவின் மூடியைச் சாத்தினேன். ஒலியை மென்மையாக்கும் இடது பெடலை அழுத்தியபடியே வாசித்தேன். பியானோ மங்கியதே தவிர, செல்லோ மேலே வரவில்லை.

அரங்கின் கடைசி வரிசையில் வைத்துப் பதிவு செய்து கேட்டபோதுதான் காரணம் பிடிபட்டது. அந்த சோனாட்டாவில் செல்லோ தொடங்குவதே கீழ் ஸ்தாயியில். என் இடது கையும் அதே வட்டாரத்தில்தான் புழங்குகிறது. சுரங்களை நீளவைக்கும் வலது பெடலில் நான் தேக்கி வைத்த அதிர்வெல்லாம் செல்லோவின் மேல் கவிந்துவிட்டது. மறுநாள் மூடியை முழுக்கத் திறந்தேன். இடது கையில் அடிச்சுரத்துக்கு மட்டும் அழுத்தம் கொடுத்து, நடுச் சுரங்களை லேசாக்கினேன். பெடலை அடிக்கடி மாற்றினேன். நண்பர் வில்லைத் தந்தியிலிருந்து எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

பிராம்ஸ் அந்தப் படைப்புக்கு இட்ட தலைப்பில் பியானோதான் முதலில் வருகிறது, செல்லோ பிறகு. பீத்தோவனின் வயலின் சோனாட்டாக்களும் அப்படித்தான் அச்சாயின. அறிவிப்பாளர் 'பக்கவாத்தியம்' என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் ஒப்புவதில்லை.

பக்கம் புரட்டியவர்:
நான் வாசித்தவன் அல்லன். இசையமைப்பாளர் ஃபிராங்கின் வயலின் சோனாட்டாவுக்கு, பியானோ வாசித்தவரின் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய இசைத்தாளைப் புரட்டினேன். பக்கத்தின் கடைசிச் சுரம் முடியட்டும் என்று காத்திருந்து தாமதமாகப் புரட்டிவிட்டேன். அவர் நிறுத்தவில்லை, நினைவிலிருந்தே கடந்துவிட்டார். இடைவேளையில் கோபப்படாமல் சொன்னார்: "என் கண் எப்போதும் விரலுக்கு முன்னே ஓடும். கடைசி வரியின் பாதியிலேயே புரட்டிவிடுங்கள்." இரண்டாம் பாதியில் கவனித்தேன். புரட்டிய கணமே அவர் பார்வை தாளிலிருந்து விலகி வயலின் வில்லுக்குப் போய்விடும்.

பாடகி:
நான் பாடியது இசையமைப்பாளர் ஷூமன் 1840இல் எழுதிய 'கவிஞனின் காதல்' தொகுப்பு, 16 பாடல்கள். கச்சேரி அன்று காலை எனக்குச் சளி பிடித்து, மேல் சுரங்கள் எட்டவில்லை. இரண்டு பாடல்களை மட்டும் சுருதி இறக்கலாமா என்று, எனக்குப் பியானோ வாசித்த இவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் மறுத்துவிட்டார். முதல் பாடல் முடிவுறாமல் அந்தரத்தில் நிற்கும். இரண்டாவது அங்கிருந்துதான் பிறக்கும். ஒன்றிரண்டை மட்டும் இறக்கினால் அந்த ஒட்டு அறுந்துவிடும் என்றார். எல்லாவற்றையுமே ஒரு முழுச்சுரம் இறக்கி வாசித்தார். மதியம் முழுவதும் பியானோவைத் தொடாமல், தாளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஏழாவது பாடலில் சுரக்கொத்துகள் இடைவிடாமல் வந்துகொண்டே இருக்கும். அங்கே எனக்கு மூச்சு தீரப்போவது என்னைவிட முன்னால் அவருக்குத் தெரிந்துவிட்டது. நடையை இம்மியளவு முன்னே தள்ளி என்னை வரி முடியும் இடத்துக்குக் கொண்டு சேர்த்தார். கேட்டவர்கள் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

கடைசிப் பாடலில் என் வரிகள் முடிந்த பிறகும் பியானோ ஒரு நிமிடத்துக்கும் மேலாகத் தொடரும். பன்னிரண்டாவது பாடலின் இறுதி இசை அங்கே திரும்பி வருகிறது. நான் சும்மா நிற்க வேண்டும். அன்று நிற்கவும் பயமாக இருந்தது, அசைந்து அதைக் கெடுத்துவிடுவேனோ என்று.

பியானோ வாசிப்பவர்:
நீங்கள் நின்ற அந்த ஒரு நிமிடம் எனக்கு, பாடகர்களுக்குப் பியானோ வாசித்துப் புகழ்பெற்ற ஜெரால்ட் மூரை நினைவூட்டியது. 1967இல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் அரங்கில் அவர் மேடையிலிருந்து விடைபெற்றபோது ஷ்வார்ட்ஸ்காஃப், டி லாஸ் ஏஞ்சலஸ், ஃபிஷர்-டீஸ்கௌ என்ற புகழ்பெற்ற பாடகர்கள் மூவரும் அவருக்காகப் பாடினார்கள். எல்லாம் முடிந்ததும் அவர் தனியே உட்கார்ந்து, இசைக்கு நன்றி சொல்லும், இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் பாடலை வாசித்தார். பாட ஆளில்லை, பாட்டு வரியும் அவர் விரலிலேயே வந்தது. அந்தக் கச்சேரியின் ஒலிப்பதிவு இருக்கிறது. அவசியம் கேளுங்கள்.