புதுப்பிப்பு: அம்மாவின் மனச்சோர்வு மாத்திரையும் மூட்டுவலி மருந்தும்

அம்மாவுக்கு மனச்சோர்வுக்காக எஸ்சிட்டலோபிராம் மாத்திரை தொடங்கியிருப்பதையும், மூட்டுவலிக்கு அவர் வழக்கமாகப் போட்டுக்கொள்ளும் டைக்ளோஃபெனாக்கை அதனுடன் தரலாமா என்பதையும் முன்பு கேட்டிருந்தேன். வீட்டிலிருந்த மாத்திரை அட்டைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு மனநல மருத்துவரிடம் சென்று வந்தோம்.

இவ்விரண்டும் சேர்ந்தால் இரைப்பையிலும் குடலிலும் இரத்தம் கசியும் அபாயம் கூடுகிறது என்று விளக்கிய அவர், டைக்ளோஃபெனாக்கை நிறுத்திவிட்டுப் பாராசிட்டமால் எழுதித் தந்தார். பையில் கிடந்த டிரமடால் என்ற வலுவான வலி மருந்தைத் தனியே எடுத்து வைத்தார். அது எஸ்சிட்டலோபிராமுடன் சேர்ந்தால் உடலில் செரோட்டோனின் என்ற, நரம்புகளிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள் மிகுந்து நடுக்கம், காய்ச்சல், மனக்குழப்பம் வரை போகலாமாம். மருந்துக்கடையில் வெறுமனே ‘வலி மாத்திரை’ என்று கேட்டு வாங்கும் பழக்கத்தை வயதானவர்கள் உள்ள வீடுகள் கட்டாயம் கைவிட வேண்டும்.

எஸ்சிட்டலோபிராமால் முதியவர்களுக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்து தள்ளாட்டமும் குழப்பமும் வரக்கூடும் என்பதால் இரத்தப் பரிசோதனை செய்தோம். அளவு சரியாகவே இருந்தது. 65 வயதைக் கடந்தவர் என்பதால், 5 மில்லிகிராமில் தொடங்கிய மருந்தை 10 மில்லிகிராமுக்கு மேல் கூட்டப்போவதில்லை.

தொடக்கத்தில் இருந்த குமட்டல் தணிந்துவிட்டது. தூக்கமும் பசியும் திரும்பியதும் ‘இனி மாத்திரை எதற்கு?’ என்கிறார் அம்மா. திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றலும் மின்னதிர்வு போன்ற உணர்வும் வரலாம் என்பதாலும், குணமான பிறகும் குறைந்தது 6 மாதங்கள் தொடர வேண்டியிருப்பதாலும், அதற்குப் பின்னரே மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார்.