புதுச்சேரி வரை பாய்மரப் படகுப் பயணம்: சராசரி வேகத்தை எவ்வளவு என்று கொள்வது?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். இராயபுரத்தைச் சேர்ந்த நாங்கள் மூவர், தை மாத வாடைக் காற்றைப் பயன்படுத்தி, பாய்மரப் படகில் சென்னையிலிருந்து ஏறத்தாழ 75 கடல் மைல் தொலைவிலுள்ள புதுச்சேரிக்குச் சென்று திரும்பத் திட்டமிட்டுள்ளோம். படகின் நீர்க்கோட்டு நீளம் (நீர்மட்டத்தில் அளக்கும் நீளம்) 25 அடி; அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் கிடைக்கும் 6.7 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்), நல்ல காற்றில் எட்டக்கூடிய உச்ச வேகம் மட்டுமே என்பதால், சராசரியாக 4.5 நாட் என்று கணக்கிட்டுள்ளேன். அப்படிப் பார்த்தால் சுமார் 17 மணி நேரம் ஆகும். புறப்படும்போதோ சேரும்போதோ இருட்டைத் தவிர்க்க முடியாது. காசிமேட்டுக்கு வெளியே வலை மிதவைகளின் கறுப்புக் கொடிகள் விடியும் முன் கண்ணுக்கே தெரிவதில்லை என்பதால், அங்கே வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

திரும்பும் பயணம்தான் பெரிய கவலை. காற்றுக்கு நேர் எதிரே பாயில் செல்ல முடியாது என்பதால், எதிர்க்காற்றில் 45 பாகை கோணத்தில் இடமும் வலமுமாக மாறி மாறி ஓட்டினால், ஓட வேண்டிய தூரம் 1.4 மடங்காகிவிடுகிறது. பிப்ரவரிக்குப் பின் கரையோர நீரோட்டம் வடக்கு நோக்கித் திரும்பிவிடும் என்பதால், அதுவரை காத்திருந்து திரும்புவது நல்லதா? இக்கரையில் பாய் விரித்து ஓட்டிய அனுபவமுள்ளவர்கள், போக்கிலும் வரவிலும் தங்களுக்கு உண்மையில் கிடைத்த சராசரி வேகத்தையும், காற்று ஓய்ந்த நேரங்களில் எஞ்சினை இயக்கினார்களா என்பதையும், படகின் நீளத்துடன் தெரிவித்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.