படம் எந்த ஸ்டேஜ்ல இருக்கும்போது மத்தவங்ககிட்ட காட்டுவீங்க?

ஈரத்தூரிகை:
வணக்கம் மக்களே. ஒரு ஆயில் பெயிண்டிங் ஓடிட்டு இருக்கு, கொஞ்சம் பெரிய கான்வாஸ். ஒரு ரூம்ல மூணு பேர் உக்காந்திருக்காங்க, ஆனா யாரும் யாரையும் பாக்கல, அவ்ளோதான் மேட்டர். அண்டர்பெயிண்டிங் (கலருக்கு அடில போடற முதல் பூச்சு) முடிஞ்சு கலர் ஆரம்பிச்சாச்சு, ரெண்டு பேரோட மூஞ்சி ஓரளவு வந்துருச்சு, மூணாவது ஆள் இன்னும் வெறும் பிரவுன் திட்டுதான். எங்க டிராயிங் குரூப்ல அவங்கவங்க வேலைய எடுத்துட்டு வாங்க, உக்காந்து பேசலாம்னு சொல்லிருக்காங்க. எடுத்துட்டுப் போறதா வேணாமான்னே முடிவு பண்ண முடியல.

பாதில காட்டினா "கை இன்னும் முடியல போல"ன்னு எனக்கே தெரிஞ்சதையே திருப்பி சொல்றாங்க. முழுசா முடிச்சுட்டு காட்டினா அவங்க சொல்றது கரெக்டாவே இருந்தாலும் காது கேக்க மாட்டேங்குது, உடனே பதில் சொல்லி ஜெயிக்கத்தான் தோணுது. இது போக இன்னொரு கூத்து, நடுவுல நாலு பேர் சூப்பர்னு சொல்லிட்டா மிச்சத்தை முடிக்கிற வெறியே போயிடுது. நீங்கல்லாம் எப்போ காட்டுவீங்க, எதை வச்சு முடிவு பண்றீங்க?

கரித்துண்டு:
மீடியத்தைப் பொறுத்துதான் பாஸ். வாட்டர்கலர்னா பேப்பரோட வெள்ளை ஒரு தடவை போச்சுன்னா போனதுதான், அதுலயும் தேலோ ப்ளூ மாதிரி கறை புடிக்கிற கலர் உள்ள இறங்கிடுச்சுன்னா என்ன தேய்ச்சாலும் முழுசா வராது. அதனால வாட்டர்கலர்ல காட்டணும்னா பென்சில் ஸ்கெட்ச்லயே காட்டணும், கூட ஒரு சின்ன வேல்யூ ஸ்டடி (எங்க வெளிச்சம், எங்க இருட்டுன்னு போட்டுப் பாக்கற குட்டிப் படம்) வச்சு. அதுக்கப்புறம் வர்ற கருத்தெல்லாம் அடுத்த படத்துக்குத்தான். ஆயில் கொஞ்சம் பெருந்தன்மையானது, ஈரமா இருந்தா துணியால துடைக்கலாம், காஞ்சாலும் சுரண்டிட்டு மேல போடலாம். ஆனா அதுக்கும் லிமிட் இருக்கு, அடில தடிப்பா போட்ட பிரஷ் தடம் மேல எவ்ளோ பூசினாலும் புடைச்சிட்டு தெரியும், வருஷக்கணக்குல ஆயில் லேயர் கொஞ்சம் கொஞ்சமா ஊடுருவித் தெரிய ஆரம்பிச்சு, மறைச்ச பழைய கோடு வெளில எட்டிப் பாக்கும். டிஜிட்டல்ல எல்லாம் லேயர்தானே எப்ப வேணா மாத்திக்கலாம்னு நினைப்போம், ஆனா முடியெல்லாம் ஒன்னொன்னா ரெண்டர் பண்ணி முடிச்ச அப்புறம் தலை சாய்வு தப்புன்னு ஒருத்தர் சொன்னா யாருக்கு மாத்த மனசு வரும் சொல்லுங்க.

உங்க படத்துல காம்போசிஷன், அதாவது எது எங்க இருக்கணும்ங்கறதைப் பத்தி கேக்கற நேரம் தாண்டிடுச்சு, அதை தம்ப்நெயில்லயே (ஆரம்பத்துல போடற குட்டி ஸ்கெட்ச்) கேட்டிருக்கலாம். இப்போ கேக்க முடியறது வெளிச்சம், டோன் (கலரோட வெளுப்பு-இருட்டு), எட்ஜ் (உருவத்தோட ஓரம்) இதெல்லாம். ஆனா அதுக்கும் முன்னாடி கண்ணாடில ஒரு தடவை பாத்துருங்க (லியனார்டோவே தன் குறிப்புகள்ல சொன்ன வழிதான்), போன்ல போட்டோ எடுத்து பிளாக் அண்ட் வொயிட் ஆக்குங்க, கண்ணைப் பாதி மூடிட்டு தள்ளி நின்னு பாருங்க. இதுல மாட்டற தப்பைச் சொல்றதுக்கு இன்னொருத்தர் எதுக்கு?

மௌனக்கோடு:
தம்ப்நெயில்லயே காட்டறதுங்கறதுல எனக்கு உடன்பாடு இல்ல. டெக்னிக்கலா சீக்கிரம் காட்டினா செலவு கம்மிதான், ஒத்துக்கறேன். ஆனா அந்த நேரத்துல நமக்கே அந்தப் படம் என்னன்னு தெரியாது, அப்போ யார் எது சொன்னாலும் சரியாத்தான் படும். ஒருத்தர் ஜன்னல் வைங்கம்பார், இன்னொருத்தர் ஒரு ஆளைத் தூக்கிடுங்கம்பார், எல்லாத்தையும் கேட்டு முடிச்சா படம் நல்லாதான் இருக்கும், ஆனா அது உங்க படமா இருக்காது.

பிக்காசோ 1907ல "அவிஞ்ஞோன் பெண்கள்" வரைஞ்சப்போ ஸ்டூடியோவுக்கு வந்த நண்பர்கள்கிட்ட காட்டினார், ஓவியர் மத்தீஸ் உட்பட நிறைய பேருக்கு அது பிடிக்கல. 1916ல தான் பொதுவுல காட்சிக்கு வச்சாங்க. நாமளும் அப்படி யார் பேச்சையும் கேக்காம இருக்கணும்னு சொல்ல வரல, நம்மள்ல முக்கால்வாசி பேர் அதைச் சாக்கா வச்சுக்கிட்டு கோணல் கையைக் காப்பாத்திட்டு இருக்கோம். கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி தான் எதைத் தேடறோம்னு அந்த ஆளுக்குத் தெரிஞ்சிருந்துச்சு, அதான் விஷயம். அதனாலதான் திட்டு வாங்கியும் படம் கலையல. உங்களுக்கு "யாரும் யாரையும் பாக்கல"ன்னு ஒரே வரில சொல்ல முடியுதுல்ல, அப்போ தாராளமா காட்டலாம்.

பேப்பர்பூனை:
சூப்பர்னு சொன்னா வேகம் போயிடுதுங்கறது எனக்கும் அப்படியேதான் 😅 அதனால பாதிப் படத்தை ஸ்டேட்டஸ்ல போடறதே இல்ல. கைதட்டல் வாங்கற இடம் வேற, கிரிட்டிக் வாங்கற இடம் வேற.

நிழல்பக்கம்:
எப்போ காட்டறதுங்கறதை விட எப்படிக் கேக்கறதுன்னு முடிவு பண்ணிட்டா பாதி பிரச்சனை தீந்துரும்னு நினைக்கறேன். லிஸ் லெர்மன்னு ஒரு அமெரிக்க நடன அமைப்பாளர் இதுக்கு நாலு படியா ஒரு முறை உருவாக்கிருக்காங்க, டான்ஸ்க்கு மட்டும் இல்லாம எல்லா கலையிலயும் யூஸ் பண்றாங்க. பாத்தவங்க முதல்ல தங்களுக்கு எது மனசுல நின்னுச்சுன்னு மட்டும் சொல்லணும். அடுத்து கலைஞர் கேள்வி கேப்பார். மூணாவதா பாத்தவங்க கேள்வி கேக்கலாம், ஆனா அந்தக் கேள்விக்குள்ள அபிப்ராயம் ஒளிஞ்சிருக்கக் கூடாது. இதுதான் இருக்கறதுலயே கஷ்டம். "ஏன் இவ்ளோ இருட்டா இருக்கு?"ன்னா அது கேள்வியே இல்ல, திட்டு. "இந்த வெளிச்சம் எந்த நேரத்து வெளிச்சம்?"னா அது கேள்வி. கடைசில "கையைப் பத்தி ஒரு கருத்து இருக்கு, சொல்லட்டுமா?"ன்னு பர்மிஷன் கேட்டுட்டுதான் கருத்தே சொல்லணும், வேணாம்னு சொல்ற உரிமை நமக்கு இருக்கு. ஈரத்தூரிகை, நீங்க சொன்ன சண்டை போடற மூடு பாதிக்கு மேல குறைஞ்சுரும், ஏன்னா கேக்காத இடத்துல யாரும் கை வைக்க முடியாது. குரூப்ல எல்லாரும் இதை முழுசா ஃபாலோ பண்ணுவாங்களான்னா பண்ண மாட்டாங்க, அட்லீஸ்ட் "கை முடியல, அதை விட்டுருங்க"ன்னு ஆரம்பத்துலயே சொல்லிடுங்க.

ஈரத்தூரிகை:
எல்லாருக்கும் தேங்க்ஸ். கரித்துண்டு சொன்ன மாதிரி போட்டோவைத் திருப்பிப் பாத்தேன், இடது பக்கம் இருக்கறவர் நாற்காலிலேர்ந்து வழிஞ்சு விழற மாதிரி இருக்கார் 😂 அதை முதல்ல சரி பண்ணனும். மூணாவது ஆளுக்கும் பெரிய கலரா அடிச்சு நிறுத்திட்டு, டீடெயில் எதுவும் போடாம எடுத்துட்டுப் போறேன். ஒரே ஒரு கேள்விதான் கேக்கப் போறேன், "இவங்க மூணு பேரும் ஒரே வீட்டு ஆளுங்க, ஆனா பேசிக்க மாட்டாங்கன்னு தெரியுதா?"

மௌனக்கோடு:
அப்படிக் கேக்காதீங்க. பதிலை நீங்களே ஊட்டி விட்டுட்டீங்க, பாவம் எல்லாரும் மரியாதைக்கு "ஆமா தெரியுது"ம்பாங்க. "இவங்க யாரு?"ன்னு மட்டும் கேட்டுட்டு சும்மா இருங்க. பஸ்ஸுக்கு வெயிட் பண்றவங்கன்னு யாராவது சொன்னா அங்கதான் வேலை பாக்கி இருக்குன்னு அர்த்தம்.

ஈரத்தூரிகை:
அட ஆமால்ல. சரி, வாயைத் திறக்காம நிக்கறேன். கஷ்டம்தான். டைட்டில்கூட சொல்ல மாட்டேன்.

கரித்துண்டு:
கான்வாஸ் பின்னாடி டைட்டில் எழுதி வச்சிருந்தா அதுக்கு மேல ஒரு பேப்பர் ஒட்டிருங்க, எங்க குரூப்ல முதல்ல அதைத்தான் திருப்பிப் பாப்பானுங்க.