எரிமலைத் தீவில் கடற்கரை விடுமுறை: தீவை மட்டுமல்ல, அதன் பக்கத்தையும் பாருங்கள்

ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக்கில் இருக்கும் ஸ்பெயினின் கானரித் தீவுகளில் வெயில் உறுதியாகக் கிடைக்கும் கடற்கரை எது என்று கேட்பவர்களுக்குத் தீவின் பெயரை மட்டும் சொன்னால் அது பாதிப் பதில்தான். ஆண்டின் பெரும்பகுதி அங்கே வடகிழக்கிலிருந்து ஈரக்காற்று வீசுகிறது. டெனெரீஃப் தீவின் டெய்டே சிகரம் 3,715 மீட்டர் உயரம். காற்று அந்த மலையில் முட்டி, மேலேறி, குளிர்ந்து வடசரிவில் மேகமாகக் கட்டிக்கொள்கிறது. தென்பக்கம் மழைமறைவு, அதாவது மேகம் மலையைத் தாண்டி வராத பக்கம். வடக்கே புவெர்த்தோ தெ லா குரூஸில் மூட்டம் போட்டிருக்கும் அதே மணியில், தெற்கே லாஸ் கிறிஸ்தியானோஸில் வெயில் சுள்ளென்று அடிக்கும். கிரான் கனாரியா தீவிலும் இதே கதைதான். அதனால்தான் மாஸ்பலோமாஸ் போன்ற கடற்கரை ஊர்கள் தெற்கே இருக்கின்றன.

தாழ்வான தீவுகளில் கதை வேறு: லான்சரோட்டேயின் உச்சி சுமார் 670 மீட்டர், ஃபுவெர்த்தவெந்தூராவின் உச்சி 807 மீட்டர். மேகத்தைப் பிடித்து நிறுத்த அந்த உயரம் போதாது. தீவு முழுக்க வறட்சி, எந்தப் பக்கம் தங்கினாலும் வெயில். ஆனால் மேகத்தை நிறுத்தாத மலை காற்றையும் தடுக்காது. முன்பதிவு செய்யும்போது பலர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்.

* * *

காற்றைப் பற்றி மேலே பார்த்தோம், இனி மணலைப் பற்றி. எரிமலைத் தீவின் வயதுதான் கடற்கரையைத் தீர்மானிக்கிறது. ஃபுவெர்த்தவெந்தூரா 2 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது. அலை அரித்து அரித்து ஆழமில்லாத விளிம்பு உண்டாகி, அதில் வாழ்ந்த சிப்பிகளின் ஓடுகள் பொடியாகி வெளிர்மணலாகக் கரை ஒதுங்கின. சகாராவிலிருந்து காற்றில் பறந்து வந்த மணல் என்று பலரும் சொல்வது பெரும்பாலும் தவறு. உண்மையிலேயே சகாரா மணல் கொட்டிய கடற்கரை டெனெரீஃபின் லாஸ் தெரெஸிதாஸ். 1970களில் கப்பலில் கொண்டுவந்து போட்டு, அலை அள்ளிப் போகாமலிருக்க அலைதடுப்புச் சுவரும் கட்டினார்கள். அந்தச் சுவருக்கு உள்ளே தண்ணீர் குளம்போல அடங்கிக் கிடப்பதால் சிறு குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஏற்ற இடம்.

எல் இயெர்ரோவும் லா பல்மாவும் இளைய தீவுகள். பாறை செங்குத்தாகக் கடலில் இறங்கும், கடற்கரைகள் குறைவு, இருப்பவையும் பெரும்பாலும் கருமணல். கருமணல் அழகுதான், ஆனால் வெயிலை உறிஞ்சி மதியத்தில் வெறுங்காலை வைக்க விடாது. தண்ணீர் விளிம்புவரை செருப்பு வேண்டும். அடியில் கூழாங்கல் இருந்தால் ரப்பர் அடி வைத்த நீச்சல் காலணியும் வேண்டும்.

* * *

சூட்டைவிட அலைக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். பல இடங்களில் கரையை விட்டதும் கடல் சட்டென்று ஆழமாவதால், அலை தூரத்திலேயே உடைந்து தளராமல் முழு வேகத்தோடு கரையிலேயே விழும். குளிர்காலத்தில் அட்லாண்டிக்கின் பெரிய அலைகள் வடக்கு, வடமேற்குக் கரைகளை அறையும். டெனெரீஃபின் எல் பொயூயோ, ஃபுவெர்த்தவெந்தூராவின் கொஃபெதே இரண்டும் பார்க்க வேண்டிய இடங்கள், குளிக்கும் இடங்கள் அல்ல. பாறைகளுக்கு நடுவே இருக்கும் இயற்கைக் குளங்களிலும் இறங்குவதற்கு முன் பத்து, பதினைந்து நிமிடம் நின்று பாருங்கள். பெரிய அலைகள் இடைவெளி விட்டுத்தான் வரும். அமைதியாக இருந்த ஐந்து நிமிடத்தை நம்பி இறங்குகிறவர்கள்தான் அடிபடுகிறார்கள். சிவப்புக் கொடி பறந்தால் இறங்கக் கூடாது. நீரோட்டம் உள்ளே இழுத்தால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாக நீந்தி இழுப்பிலிருந்து விலகிய பிறகு திரும்புங்கள்.

காற்றிலிருந்து ஒதுங்க வேண்டும் என்றால் லான்சரோட்டேயின் தென்முனையிலுள்ள பாப்பகாயோ வளைகுடாக்கள். தெற்குப் பார்த்தவை, முதுகில் செம்பாறை. ஃபுவெர்த்தவெந்தூராவின் சொத்தவெந்தோ கடற்கரை அதற்கு நேர்மாறு, ஜூலை, ஆகஸ்ட்டில் மணல் காலில் ஊசியாகக் குத்தும். பட்டம் இழுக்க அலைமேல் சறுக்கும் பட்டச் சறுக்குக்காரர்கள் (கைட்சர்ஃபிங்) அதற்காகவே போகிறார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய கடற்பெருக்கில் அங்கே மணல்திட்டுக்கு உட்புறம் ஆழமில்லாத நீர்ப்பரப்பு நிறையும், குழந்தைகள் அளைவதற்கு அருமை.

* * *

எந்த மாதம் போகலாம்? பிப்ரவரி, மார்ச்சில் கடல்நீர் 18–19 பாகை செல்சியஸ், செப்டம்பர், அக்டோபரில் 23 வரை. நீந்தத்தான் போகிறீர்கள் என்றால் எனக்குத் தயக்கமே இல்லை: செப்டம்பர் கடைசி, அக்டோபர். கோடைக் காற்றும் அப்போது தணிந்திருக்கும். இடையில் கலிமா வரலாம். சகாரா தூசியைக் கிழக்குக் காற்று சுமந்து வந்து வானத்தைப் பழுப்பாக்கும், பெரும்பாலும் சில நாளில் போய்விடும். 2020 பிப்ரவரியில் வந்தது விமான நிலையங்களையே மூட வைத்தது. ஆஸ்துமா உள்ளவர்கள் மருந்தைக் கைப்பையிலேயே வைத்திருங்கள்.

டெனெரீஃபில் விமான நிலையம் இரண்டு. தெற்குக் கடற்கரையில் தங்க வடக்கு நிலையத்துக்குச் சீட்டு எடுத்தால் 60 கிலோமீட்டருக்கு மேல் சாலைப்பயணம். வாடகைக் கார் எடுப்பவர்கள் ஒப்பந்தத்தில் மண்சாலை பற்றிய வரியைப் படியுங்கள். பாப்பகாயோவுக்கும் கொஃபெதேவுக்கும் போவது மண்சாலை, பல ஒப்பந்தங்களில் அங்கே காப்பீடு செல்லாது. தீவு விட்டுத் தீவு காரைப் படகில் ஏற்றவும் தனி அனுமதி கேட்பார்கள்.

ஸ்கூபா (காற்று உருளையோடு கடலடியில்) முழுகுகிறவர்கள் மலையை முதலிலும் கடலைப் பிறகும் வையுங்கள். டெய்டே கம்பிவண்டி (கேபிள் கார்) 3,555 மீட்டர்வரை ஏறுகிறது, அதன் அடிவாரமே 2,356 மீட்டர். முழுகி உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன், காற்றழுத்தம் குறைந்ததும் குமிழாகும். ஒருமுறை முழுகினால் குறைந்தது 12 மணி நேரம், பலமுறை முழுகினால் 18 மணி நேரம் கழித்தே மலையேற வேண்டும். ஊர் திரும்பும் விமானத்துக்கும் இதே கணக்கு.

* * *

லா பல்மா பற்றி ஒரு வார்த்தை. 2021 செப்டம்பர் 19 முதல் டிசம்பர் 13 வரை அங்கே எரிமலை கக்கியது. குழம்பு நின்ற பிறகும் புவெர்த்தோ நாவோஸ் கடற்கரை ஊர் நெடுநாள் மூடிக் கிடந்தது. காரணம், நிலத்திலிருந்து கசிந்த கரியமில வாயு. நிறமோ மணமோ இல்லாதது, காற்றைவிடக் கனமானது, பள்ளத்திலும் தரைத்தளத்துக்குக் கீழும் தேங்கி மூச்சை நிறுத்தும். பிறகு படிப்படியாகத் திறந்து, கட்டடங்களில் வாயு அளக்கும் கருவிகள் பொருத்தினார்கள். அங்கே அறை எடுப்பவர்கள் எந்தத் தளம், கருவி வேலை செய்கிறதா என்று உரிமையாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தடுப்புக் கட்டிய வாகன நிறுத்தங்களுக்குள் நுழையாதீர்கள்.