புதுப்பிப்பு: சித்தியின் சங்கிலிப் பறிப்பு வழக்கு

வழக்கு என்ன ஆனது என்று ஸ்டேஷனில் யாரும் வாய் திறப்பதில்லை எனப் போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன். அப்புறம் ஒரு மனு எழுதினோம். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 193ஆம் பிரிவுப்படி, விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த வரியைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். நான்காம் நாள் சித்திக்கு வாட்ஸ்அப்பில் ஒரே வரி: "விசாரணை நடைபெறுகிறது." சரி, அதுவாவது வந்ததே!

திருடன் யாரென்றே தெரியாவிட்டாலும் அதே சட்டத்தின் 396ஆம் பிரிவில் இழப்பீடு கேட்கலாம். சங்கிலியைப் பறித்தபோது சித்தி கீழே விழுந்ததில் தோள்பட்டை முறிந்ததற்கான ஆஸ்பத்திரி ரசீதுகளை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தாயிற்று. இரண்டு மாதத்தில் அவர்கள் விசாரித்து முடிக்க வேண்டும். முடிந்ததும் எழுதுகிறேன்.